வெங்காயம் நறுக்கக் கூடாதாம் நான்

எனக்கு நாள்பட்ட குடல் நோய். மலம் வெளியேற வயிற்றில் துளை வைத்துப் பை ஒட்டி இரண்டு மாதம் ஆகிறது. இன்றுதான் முதல்முறையாக டவுன்ஷிப் சர்ச்சில் திருவிழாச் சமையலுக்கு உதவப் போனேன்.

வெங்காயம் நறுக்க உட்கார்ந்ததும் எங்கள் பிளாக் ஸ்டெல்லா அக்கா கத்தியைப் பிடுங்கினார்.

"எழுந்திரும்மா. அந்தப் பையை வெச்சிகினு சாப்பாட்டுல கை வெக்கலாமா?"

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். எனக்கு ஆத்திரம் வந்தது.

"உங்க வயித்துக்குள்ள இருக்கறதுதான்க்கா என் பையில இருக்கு. நான் சோப்பு போட்டுக் கை கழுவிட்டுதான் உக்காந்தேன். நீங்க கழுவினீங்களா?"

கத்தியைத் திரும்ப வாங்கி, கூடையிலிருந்த வெங்காயம் முழுவதையும் நறுக்கி முடித்தேன்.

மதியம் அந்த வெங்காயம் போட்ட பிரியாணியை அக்கா இரண்டு தட்டு சாப்பிட்டார். உங்கள் பக்கமும் இப்படி அக்காக்கள் உண்டா?