என் வாய்க்குக் கட்டிய சிவப்பு அட்டை

2004ஆம் ஆண்டு, ஜூன் மாதக் கடைசி. ஒரகடம் அருகே, இருசக்கர வண்டிகளுக்கான இரும்பு வளையங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தர ஆய்வாளராக இருந்தேன். வயது நாற்பத்தாறு. வீடு வாலாஜாபாத்தில். கம்பெனி பஸ் ஏறும் முன் ஒன்று, ஒவ்வொரு டீக்கும் ஒன்று என்று நாளைக்குப் பதினான்கு சிகரெட். எண்ணிக்கை தவறாது, எல்லாம் டைரியில் இருக்கும்.

ஏப்ரலில் ஒரு நாள் காரக்குழம்பு பட்டதும் வலது கன்னத்தின் உள்ளே எரிந்தது. கண்ணாடியில் பார்த்தேன். கடைவாய்ப் பல்லை ஒட்டி ஒரு வெள்ளைத் திட்டு. துணியால் தேய்த்தும் போகவில்லை. பிளாஸ்டிக் ஸ்கேல் ஒன்றை நறுக்கி, வாய்க்குள் வைத்து அளந்தேன். நான்கு மில்லிமீட்டர்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வளையம் குறித்த அளவைவிடச் சற்றே கூடியிருந்து, வெளியே லாரியும் காத்திருந்தால், 'இம்முறை மட்டும் ஏற்கலாம்' என்று எழுதிக் கையெழுத்திட்டு அனுப்புவோம். அதையேதான் நான் என் வாய்க்கும் செய்தேன். ஞாயிறுதோறும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அளந்தேன். நான்கரை, ஐந்து, ஐந்தரை. ஒவ்வொன்றின் பக்கத்திலும் 'இந்த வாரம் ஏற்கலாம்' என்று எழுதினேன். பயம் இல்லாமல் இல்லை. எழுதி முடித்தால் அடுத்த ஞாயிறு வரை அந்தப் பயம் அடங்கிக் கிடக்கும்.

பதினோராவது வாரம், ஏழு மில்லிமீட்டர். அந்த வாரம்தான் கேன்டீனில் பல் மருத்துவ முகாம் நடத்தினார்கள். வந்திருந்த மருத்துவர் ஒரு இளம்பெண். என் ஈறில் ஒருநாளும் ரத்தம் வந்ததில்லை என்று பெருமையாகச் சொன்னேன். புகை பிடிப்பவர்களுக்கு ஈறில் ரத்தம் குறைவாகத்தான் வரும், அதனால் நோய் முற்றும் வரை வெளியே தெரியாது என்றார். கீழ்ப்பல் ஒன்றை விரலால் தொட்டார். அது ஆடியது. பிறகு கன்னத்தை விலக்கி, விளக்கைக் கிட்டத்தில் இழுத்துப் பார்த்தார்.

"இது எத்தனை நாளா இருக்கு?"

டைரியை எடுத்து நீட்டினேன். உண்மையைச் சொன்னால், அவர் பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன். பக்கங்களைப் புரட்டிவிட்டு, "எல்லாம் சரியா எழுதியிருக்கீங்க. யார்கிட்ட காட்டினீங்க?" என்று கேட்டார். சென்னைப் பல் மருத்துவமனை ஒன்றுக்கு அவர் எழுதித் தந்த சீட்டை டைரிக்குள் வைத்து மூடினேன்.

வரிசையில் எனக்குப் பின்னால் எங்கள் லைனில் வேலை செய்யும் பிள்ளைப்பாக்கத்துப் பெண் நின்றிருந்தார். முப்பது வயதிருக்கும். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். மதியம் ஒரு சிவப்பு அட்டையுடன் என் மேசைக்கு வந்தார். குறையுள்ள வளையத்தில் நான் கட்டும் அதே அட்டை. பாகம்: வாய். குறை: வெள்ளைத் திட்டு. முடிவு என்ற கட்டமும் கீழே கையெழுத்துக் கட்டமும் காலி.

"இன்னா சார், எங்க ரிங் ஒரு நூலு ஏறிப் போனாலே இத்தக் கட்டிடறீங்க. உங்க வாயில வளர்றத மட்டும் எழுதிக்கினே கீறீங்க. முடிவ நீங்களே போட்டுக்குங்க."

லைனில் சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

மறுநாள் அந்த மருத்துவமனையில் திட்டில் சிறு துண்டு வெட்டி, தையல் போட்டு, சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வர எட்டு நாள் ஆகும், இனி சிகரெட்டைத் தொடக் கூடாது என்றார் அங்கிருந்த மருத்துவர். அன்று மாலைதான் மனைவியிடம் சொன்னேன். "பதினோரு வாரமா நோட்டுல எழுதுனீங்க. ஒரு வாட்டி எங்கிட்ட சொல்லத் தோணலையா?" என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை. இரவு ரசத்தில் மிளகாய் இல்லை.

அந்த எட்டு நாட்களைப் போல் எந்த நாட்களும் எனக்கு நீண்டதில்லை. உட்கார முடியாது, நிற்க முடியாது. கை தானாகச் சட்டைப்பைக்குப் போகும். நல்ல வளையத்தை ஒதுக்கினேன். ஒதுக்க வேண்டியதை இரண்டு முறை அளந்தேன். ஆசை வரும்போது பத்து நிமிடம் தள்ளிப் போடுங்கள், அது தானே தணியும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். கடிகாரம் பார்த்துத் தள்ளிப் போட்டேன். சில நேரம் ஆறாவது நிமிடத்திலேயே தணிந்தது. தண்ணீர் குடித்தேன். தையலுக்கு மறுபுறம் ஒரு கிராம்பை ஒதுக்கிக்கொண்டேன். எனக்கு டீதான் வினை என்று புரிந்ததும் மோருக்கு மாறினேன். தீப்பெட்டியை வீட்டுச் சமையலறையோடு விட்டுவிட்டேன்.

ஐந்தாம் நாள் தோற்றேன். என்னோடு எப்போதும் புகைக்கும் ஸ்டோர்ஸ்காரர், திருநெல்வேலிப் பக்கம். "ஒரு இழுப்புல என்ன ஆயிரப் போவுது சார்வாள்" என்று நீட்டினார். வாங்கினேன். இரண்டு இழுப்பு. மூன்றாவதுக்கு உதட்டில் வைக்கும்போது தையல் நூல் நாக்கில் இடறியது. கீழே போட்டு மிதித்தேன். 'இரண்டு இழுப்பு' என்று டைரியில் எழுதினேன். 'ஏற்கலாம்' என்று எழுதவில்லை. மறுநாள் முதல் இடைவேளைக்கு வெளியே போகாமல், லைன்காரர்களோடு கேன்டீனிலேயே உட்கார்ந்தேன்.

எட்டாம் நாள் மருத்துவமனைக்கு மனைவியும் வந்தாள். புற்றுநோய் இல்லை என்றார் மருத்துவர். நான் மூச்சு விடுவதற்குள் அடுத்ததையும் சொன்னார். செல்கள் மாறத் தொடங்கியிருக்கின்றன. சிகரெட்டை இதோடு விட்டால் திட்டு சுருங்க வாய்ப்பு உண்டு; தொடர்ந்தால் அடுத்த சோதனை இப்படி வராமல் போகலாம். விட்டாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும். ஆடிய பல்லைக் காப்பாற்ற முடியவில்லை.

மறுநாள் அட்டையை எடுத்தேன். முடிவு என்ற கட்டத்தில் நாங்கள் எழுதுவது மூன்றில் ஒன்று: ஏற்பு, திருத்தி மீண்டும் சோதிக்க ரீவொர்க், தூக்கிப் போட ஸ்கிராப். 'ரீவொர்க்' என்று எழுதி அந்தப் பெண்ணிடம் காட்டினேன்.

"அப்போ திரும்பத் திரும்பச் செக் பண்ணணும் சார்" என்றார்.

அதற்குப் பின் நான் புகைக்கவில்லை. ஆனாலும் டீ வாசனையோடு யாராவது தீக்குச்சி கிழித்தால் இன்றும் கை சட்டைப்பை வரை போய்த் திரும்புகிறது. அட்டை இப்போதும் டைரிக்குள் இருக்கிறது. 'திருத்தம் முடிந்தது' என்று கையெழுத்திடும் அதன் கடைசிக் கட்டத்தை நான் நிரப்பவில்லை, நிரப்பப் போவதும் இல்லை.