எல்லா நாற்காலியிலும் நான்

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். குடவாசல் பக்கம் அடுத்தவர் வயலில் நாற்றுக்கட்டு சுமந்த சிவசாமி, இன்றைக்கு அறுவடை மெஷினுக்குச் சொந்தக்காரன். யாரும் கைதூக்கி விடவில்லை.

சுமந்த காலத்தில் பண்ணை வீட்டுக் கூடத்தில் ஒரு ஆயில் பெயின்டிங் மாட்டியிருக்கும். குடும்பமே வரிசையாக உட்கார்ந்திருக்கிற படம். கொல்லைப்பக்கம் நின்றுதான் எட்டிப் பார்க்கலாம். நம் கூடத்திலும் அப்படி ஒன்று தொங்கணும் என்று அப்போதே முடிவு பண்ணிவிட்டேன். நினைத்ததை நான் விட்டதில்லை.

பாபநாசத்திலிருந்து ஓவியர் அரசப்பனை வரவழைத்தேன். ஆளை அப்படியே துணியில் இறக்குகிற கை. மகன் திருமுருகன் சிங்கப்பூரிலிருந்தும் மகள் ஆர்த்தி கனடாவிலிருந்தும் செல்போனில் படம் அனுப்பினார்கள். அரசப்பன் உதட்டைப் பிதுக்கினார். முகம் மட்டும்தான் இருக்கிறது, ஆளுக்கொரு பக்கம் வெளிச்சம் விழுகிறது, வரைந்தால் வெட்டி ஒட்டின மாதிரி இருக்கும், எல்லாரையும் ஒரே ஜன்னலோரம் உட்காரவைங்க என்றார்.

போன் போட்டேன். மகனுக்கு லீவு இல்லை. மகளின் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம்.

"அவங்களுக்குப் பதிலா நானே உட்கார்றேன். மூஞ்சிய மட்டும் மாத்திக்குங்க," என்றேன். அரசப்பனுக்கே தோன்றாத யோசனை.

மகன் விட்டுப்போன சட்டையை மாட்டிக்கொண்டு, பொத்தான் சேரட்டும் என்று மூச்சைப் பிடித்தபடி, அவன் நாற்காலியில் உட்கார்ந்தேன். துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு மகள் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அடுத்தது என் சம்சாரம் எல்லையம்மாள் இடம். அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். முகத்துக்கு, மகள் கல்யாணத்தில் எடுத்த அவள் படம் இருந்தது. அவள் பட்டுச்சேலையை பீரோவிலிருந்து எடுத்து நாற்காலியில் போட்டேன். மடிப்பு சரியாக விழவில்லை, தோள் வேண்டும் என்றார் அரசப்பன். என் தோளில் போட்டுக்கொண்டேன். அவர் சிரிக்கவில்லை. வெளிச்சம் போகிறவரை நான் அசையவில்லை. அந்தப் பொறுமை வேறு எவனுக்கு வரும்?

கடைசியாக என் முறை.

"அம்மா பக்கமா கொஞ்சம் சாய்ஞ்சாப்ல உட்காருங்கய்யா."

சாய்ந்து பார்த்தேன். உடம்பு தானாக நிமிர்ந்துகொண்டது. மறுபடியும் சாய்ந்தேன், மறுபடியும் நிமிர்ந்தது. தலையணை வைக்கட்டுமா என்றார்.

"வேணாங்க. ஆள் இல்லாம எப்படிச் சாயறது? இருக்கிறபடியே வரைங்க."

படம் முடிந்ததும் வீடியோவில் காட்டினேன்.

"எல்லாரும் ஒட்டி உட்கார்ந்திருக்கோம். நீங்க மட்டும் தனியா, என்னா கம்பீரம்ப்பா," என்றாள் ஆர்த்தி.

உன் அப்பனுக்கு எப்பவும் அதுதான் பழக்கம் என்று சொல்லிவைத்தேன்.