ஒன்பதாம் மேசையில் தவறிய வரிசை

அன்பு உடன்பிறப்புகளே, சென்ற ஆண்டு மழைக்காலத் தொடக்கத்தில் என் துணைவியார் எஸ்தர் பக்கவாதத்தால் வீழ்ந்தார். வலக்கையும் வலக்காலும் செயலற்றன. புனேயின் கராடிப் பகுதியில், மகள் வீட்டில் வாழ்கிறோம். மகளும் மருமகனும் பணிக்குச் சென்றபின் அவருக்கு நான் ஒருவனே துணை. முப்பதாண்டு தமிழ் கற்பித்த எனக்கு மருத்துவர் கூறியவற்றுள் ஒன்றும் விளங்கவில்லை. கீழே போட்டுவிடுவேனோ என்று அவரைத் தூக்கி அமர்த்தவும் அஞ்சினேன். பலமுறை சுவரைப் பார்த்து அழுதேன்.

ஆகவே இங்குள்ள ஒரு பல்கலைக்கழகத்தில், நோயாளர் மறுவாழ்வுப் பட்டயப் படிப்பின் வார இறுதி வகுப்பில் சேர்ந்தேன். முதல் தாள், உடற்கூற்றியலும் உடலியங்கியலும். அதில் தோற்றேன். மறுமுறையும் தோற்றால் பெயரை நீக்கிவிடுவர். நோயாளரைத் தூக்கவும் நடக்கவைக்கவும் அடுத்த பருவத்தில்தான் கற்பிப்பர். அதற்காகவே சேர்ந்தவன் நான்.

உடன் பயின்ற மராத்திப் பிள்ளைகள் என்னைக் காகா, அதாவது சித்தப்பா, என்பர். “காகா, நீங்கள் தேறுவதற்குள் எங்களுக்கு ஓய்வூதியம் வந்துவிடும்” என்று ஒருத்தி சிரித்தாள். நானும் சிரித்தேன்.

மறுதேர்வின் செய்முறைப் பகுதியில் இருபது மேசைகள். ஒவ்வொன்றிலும் எலும்போ உறுப்போ இருக்கும். அதில் ஓரிடத்தில் சிறு கொடி குத்தியிருப்பர். அவ்விடத்தின் பெயரை எழுதி, மணி ஒலித்ததும் அடுத்த மேசைக்கு நகரவேண்டும். இடையே ஓய்வுக்கென ஒரு வெற்று மேசை உண்டு. விடைத்தாளில் அதற்குரிய வரியையும் வெறுமையாய் விடவேண்டும்.

ஒன்பதாம் மேசை வெற்று மேசை. கண்மூடி மன்றாடினேன். மணி கேட்டுத் திடுக்கிட்டு எழுந்தவன், பத்தாம் மேசையின் விடையை ஒன்பதாம் வரியில் எழுதிவிட்டேன். பின்னர் எழுதியவை யாவும் ஒரு வரி மேலேறின. இருபதாம் மேசையில் நின்றபோதுதான் கண்டேன். என் எழுதுகோல் பத்தொன்பதாம் வரியில் இருந்தது.

தேர்வாளரான அம்மையாரிடம் நடந்ததைக் கூறினேன். “எழுதிய வரியில் உள்ளதைத்தான் திருத்துவோம்” என்றார். அடித்து எழுதவும் விதி இடந்தரவில்லை.

அடுத்ததாக இருந்த வாய்மொழித் தேர்வுக்காக வெளியே ஒரு விசிப்பலகையில் அமர்ந்தேன். செபிக்க முயன்றேன். ‘ஆண்டவரே’ என்பதற்கு மேல் ஒரு சொல்லும் எழவில்லை. வாழ்நாளெல்லாம் அணி நயத்தோடு செபித்த நாவு வறண்டு கிடந்தது. அப்படியே அமர்ந்திருந்தேன்.

உள்ளே அழைத்தனர். அம்மையார் முன்கை எலும்பைத் தந்து சில பெயர்களைக் கேட்டார். இரண்டைத் தவறாகச் சொன்னேன். பிறகு அவர் கேட்டார்: “பக்கவாதத்தில் இறுகிய விரல்களை எப்படித் திறப்பீர்கள்?”

என் கை தானே நீண்டது. “விரல்களை இழுக்கக்கூடாது. முதலில் மணிக்கட்டை உள்நோக்கி மடக்கவேண்டும். விரல்களை மடக்கும் தசைநாண்கள் மணிக்கட்டின் முன்புறமாகச் செல்கின்றன. அது மடங்கினால் அவை தளரும். விரல்கள் நெகிழும்.”

“எந்த நூலில் படித்தீர்கள்?”

“என் மனைவியின் கையைக் கழுவும்போது கண்டுகொண்டேன், அம்மா. காரணத்தைத்தான் இங்கே படித்தேன்.”

அவர் எலும்பை வாங்கி வைத்தார். பின் தசை, நரம்பு, மூளையின் குருதிக்குழாய் என்று தொடர்ந்து வினவினார். நாள்தோறும் நான் தொட்டுத் துடைத்த உடலைப் பற்றியே அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

மூன்று வாரம் உறக்கமின்றிக் கழிந்தது. முடிவு வந்தது. வரிசை தவறிய விடைகளுக்கு மதிப்பெண் இல்லை. வாய்மொழித் தேர்வு என்னைத் தேர்ச்சியின் விளிம்பில் தூக்கி நிறுத்தியிருந்தது. தேறிவிட்டதை எஸ்தரிடம் சொன்னேன். குழறிய நாவால், “அப்போ இனி என்னைக் கீழ போடமாட்டீங்கல்ல?” என்றார். இருவரும் அழுதோம்.

அவர் கை இன்னும் தானே திறக்கவில்லை. ஆனால் அடுத்த பருவத்தில் கற்றபடி இப்போது அவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு அச்சமின்றி மாற்றுகிறேன். என் செபங்கள் குறுகிவிட்டன. சில நாள் சொல்லே இராது. நன்றி மட்டும் நிறைந்திருக்கிறது. உங்களுள் எவருக்கேனும் செபிக்கவும் வலுவில்லையெனில், வருந்தாதீர்கள். ஆண்டவர் திருமுன் வெறுமனே அமருங்கள். சொல்லற்று அமர்ந்திருந்த எனக்கு அவர் செவிசாய்த்தார், உங்களுக்கும் செவிசாய்ப்பார்.