தயாவதி அக்காவின் மாடிப் பள்ளிக்கூடம்

தயாவதி அக்கா யாரையும் தூரத்திலிருந்து குரல் கொடுத்துக் கூப்பிட்டு நான் பார்த்ததில்லை. செவிலிமேட்டில் அவர் வீட்டில் பத்து வருடத்துக்கு மேல் வேலை செய்தேன். அத்தனை வருடத்தில் சமையலறையிலிருந்து மாடிக்கு ஒரு சத்தம் போனதில்லை. படியேறிப் போவார். குழந்தைக்கு எதிரில் மண்டி போட்டு உட்காருவார். தோளைத் தொடுவார். அது முகத்தைத் திருப்பிப் பார்க்கும்வரை காத்திருந்து அப்புறம்தான் பேசுவார். என்னிடமும் அப்படித்தான். பின்பக்கம் நான் துணி அலசிக்கொண்டிருந்தால் அங்கேயே நடந்து வந்து, “வள்ளி, பால் பொங்கற மாதிரி இருக்குது” என்பார். நாங்கள் இரண்டு பேரும் திரும்பிப் போவதற்குள் பால் பாத்திரத்தில் இருக்காது, அடுப்பில் இருக்கும். துடைப்பது என் வேலை.

எனக்கு அது புதுசு. நான் பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் தெருவில் பேசவேண்டும் என்றால் கத்தவேண்டும், இல்லாவிட்டால் எதிராளியின் வாயைப் பார்க்கவேண்டும். என் அப்பா பட்டுநூல் முறுக்கும் மெஷின்களுக்கு நடுவில் வேலை செய்து நாற்பது வயதிலேயே காதைத் தொலைத்தவர். நான் ஆறாம் வகுப்போடு நின்று நூல் சுற்ற உட்கார்ந்தேன். பேசக் கூச்சப்படுகிறவள். பார்ப்பது மட்டும் நன்றாக வரும்.

அக்கா வந்தவாசிப் பக்கத்துச் சமணக் குடும்பத்துப் பெண். பி.எஸ்ஸி. படித்துவிட்டு, சென்னையில் ஒரு வருடம் மாண்டிசோரி டீச்சர் பயிற்சி எடுத்தவர். கல்யாணம் ஆனதும் அந்தச் சான்றிதழ் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் போய்விட்டது. கணவர் சந்திரப்பிரபு சாருக்குச் சொந்த ஊர் திருப்பருத்திக்குன்றம். டவுனில் நெல்லும் வேர்க்கடலையும் வாங்கி விற்கிறார். கோகுல், சந்தீப், ஜனனி, மதுமிதா என்று நான்கு குழந்தைகள். கொரோனாவில் பள்ளிக்கூடம் பூட்டியபோது பெரியவன் கோகுலுக்கு ஆறு வயது. போனில் டீச்சர் பேசப் பேசத் தூங்கிவிடுவான். அக்கா சான்றிதழை வெளியே எடுத்தார். பள்ளிக்கூடங்கள் திறந்த பிறகும் பிள்ளைகளை அனுப்பவில்லை.

“இந்த யூனிவர்சிட்டிக்கு வைஸ் சான்ஸ்லர் நீதானா?” என்று சார் கேலி செய்தார். மாடி ஹாலை ஒழித்துக் கொடுத்ததும் அவர்தான். ஆனால் அன்றைக்கே சாப்பாட்டு மேஜையில் எல்லார் எதிரிலும் ஒன்று சொன்னார்.

“தயா, இதக் கேட்டுக்கோ. நாலுல ஒண்ணுக்கு ஒரு குறைன்னு என் காதுல விழுந்துது, மறுநாளே நாலு பேரையும் ஸ்கூல்ல போட்டுடுவேன். அப்புறம் நீ அழக்கூடாது.”

“குறை வந்தாத்தானே” என்றார் அக்கா.

ஆசாரியிடம் சொல்லிக் குழந்தைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் அலமாரிகள் செய்தார். ஒன்றைவிட ஒன்று சின்னதாகப் பத்து மரக்கட்டைகள், ரோஸ் பெயின்ட் அடித்து. அட்டையில் எழுத்து எழுத்தாக வெட்டி ஒட்டிய உப்புத்தாள். குழந்தைகள் அதை விரலால் தடவியே எழுத்தைத் தெரிந்துகொண்டார்கள். நிறம் பார்க்கும் பலகைகளுக்குப் பட்டு நூல் சுற்றவேண்டும் என்றார். எங்கள் தெருவில் நாலு வீடு ஏறி, சாயம் போட்ட துண்டு நூல்களை வாங்கி வந்து கொடுத்தேன். பச்சையில் மட்டும் ஏழு விதம். அக்கா ஒரு வாரம் உட்கார்ந்து ஒவ்வொரு பலகையாகச் சுற்றினார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மாடியில் ஒரு சட்டம் இருந்தது. ஒரு நாள் சந்தீப் சட்டைப் பொத்தானோடு கால் மணி நேரம் போராடிக்கொண்டிருந்தான். பொறுக்காமல் நான் போட்டுவிட்டேன். அக்கா என்னைத் தனியாக அழைத்துப் போனார்.

“நீ போட்டா நாளைக்கும் நீதான் போடணும். தப்பு எங்கன்னு அவனே பாப்பான். நாம சொல்லக்கூடாது வள்ளி. பெரியவங்க வேலை பாக்கறது மட்டும்தான்.”

பார்த்துவிட்டுச் சொல்லாமல் இருப்பது என்றால் எனக்குப் பழக்கப்பட்ட வேலைதான். சரிக்கா என்றேன்.

என் மகள் பிரவீனாவுக்கு ஐந்து வயது ஆனபோது, “ஏன் வீட்ல உட்கார வெச்சுக்கினு இருக்கற? கூட்டிக்கினு வா” என்றார். அவளுக்கும் ஒரு பாய் போட்டார். அந்த வீட்டில் பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துவிடுவார்கள். பிரவீனாவுக்கும் அவர்களோடுதான் தட்டு. ஆறு மாதத்தில் அவள் பஸ்ஸின் போர்டை எழுத்துக் கூட்டிப் படித்தாள். கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். ஆறாவதில் நின்ற என்னால் அந்த வேகத்தில் படிக்க முடியாது.

வெள்ளிக்கிழமைகளில் மௌன ஆட்டம் நடக்கும். ஜன்னல் திரையை இழுத்துவிட்டுக் குழந்தைகள் கண்ணை மூடி உட்காருவார்கள். அக்கா பக்கத்து அறைக்குப் போய்க் கதவுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு பெயராக ரகசியக் குரலில் சொல்வார். தன் பெயர் கேட்டவர் சத்தம் இல்லாமல் எழுந்து போகவேண்டும். ஜனனி மட்டும் பெயர் சொன்ன உடனே வரமாட்டாள், எப்போதும் கடைசியாகத்தான் வருவாள். அவளுக்கு அப்போது நாலரை வயது. “எல்லாரையும் விடப் பொறுமை அவளுக்குத்தான்” என்று அக்கா பெருமைப்பட்டு, பிறகு வேண்டுமென்றே அவள் பெயரைக் கடைசியில் சொல்ல ஆரம்பித்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வரும் வழியில் பிரவீனா சொன்னாள்.

“யம்மா, ஜனனி ஏமாத்தறா. கண்ண மூடவே மாட்டேங்கறா. எல்லாரும் போனப்புறம் சுத்தியும் பாத்துட்டு எந்திரிச்சு வரா.”

எனக்கு அங்கேயே கால் நின்றுவிட்டது. ஜனனி யாரோடு பேசினாலும் கண்ணைப் பார்க்கமாட்டாள், வாயைத்தான் பார்ப்பாள். வார்த்தைகளின் கடைசியை விழுங்குவாள். இதையெல்லாம் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இரண்டரை வயதில் அவளுக்கு ஒரு கடுமையான காய்ச்சல் வந்து போனது. அதற்கு முன்னால் நான் கேட்டைத் திறந்தாலே “வள்ளிம்மா” என்று மாடியிலிருந்து கத்துகிற குழந்தை அவள்.

ஆடி மாதம். மாடி ஹாலில் எல்லாரும் அவரவர் பாயில் வேலையாக இருந்தார்கள். நான் எவர்சில்வர் தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு போய் ஜனனியின் முதுகுக்குப் பின்னால் கை நழுவினதுபோல் போட்டேன். தரை அதிர்ந்தது. கோகுல் துள்ளினான். மதுமிதா அழுதாள். ஜனனி ஒரு முறை தரையைப் பார்த்தாள், அவ்வளவுதான். திரும்பவில்லை. ஒன்பதாவது கட்டையை எடுத்து எட்டாவதின் மேல் வைத்தாள்.

அக்கா அன்றைக்கு அவளை போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை.

“பாத்தியா வள்ளி!” என்றார். அவர் கண் நிறைந்திருந்தது. “இவ்ளோ சத்தத்துலயும் குழந்தை அசையல. புக்ல படிச்சிருக்கேன், நேர்ல இப்பதான் பாக்கறேன்.” அந்த வீடியோவை, வீட்டிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் அம்மாக்களின் குரூப்பில் போட்டார். சாயங்காலம் வரை பாராட்டு வந்துகொண்டே இருந்தது.

தட்டைப் பொறுக்கும்போது சொன்னேன்: “அக்கா... பாப்பா திரும்பவே இல்லையே கா.”

“அதான் சொல்றேன். வேலையில முழுகிட்டா.”

“அதில்ல கா. பேச்சும் கொஞ்சம்...”

“ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு நேரம் இருக்குது வள்ளி. அவ கையால பேசற குழந்தை. நாம அவசரப்படக்கூடாது.”

நான் அவசரப்படவில்லை. தட்டை ஏன் போட்டேன் என்று வழியில் கேட்ட பிரவீனாவிடம் காரணத்தைச் சொல்லி, “இத யாருகிட்டயும் சொல்லாத” என்றேன். பயத்தால்தான் சொல்லவில்லை என்று எழுதினால் எனக்கு மரியாதையாக இருக்கும். பயம் பாதிதான். ஒரு குறை என்று சாரின் காதில் விழுந்தால் மாடியைப் பூட்டிவிடுவார். பூட்டினால் பிரவீனாவுக்குப் பாய் இல்லை. அவள் அப்போது சின்னச் சின்னக் கதைப் புத்தகமாகப் படித்துக்கொண்டிருந்தாள். படித்தவர்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகிறது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அப்படிச் சொல்லிக்கொள்ளச் சௌகரியமாக இருந்தது. ஒன்றரை வருடம் அப்படியே போனது. ஜனனியின் பேச்சு இன்னும் மழுங்கியது. அவள் சொல்வதை மதுமிதா எடுத்துச் சொல்வாள். அதையும் உடன்பிறந்த பாசம் என்று அக்கா எடுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு வந்த இரண்டாவது தை மாதம் அக்காவுக்குக் கடும் சளி, இருமல். பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளப் போகிறது என்று வீட்டுக்குள்ளேயே மாஸ்க் போட்டுக்கொண்டு பாடம் நடத்தினார்.

முதல் நாள் ஜனனி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டாம் நாள் எழுத்து அட்டைகளை வீசி எறிந்தாள். நான்கு பேரிலும் சாதுவான குழந்தை அவள். மூன்றாம் நாள் அக்கா வழக்கம்போல் எதிரில் மண்டி போட்டு உட்கார்ந்து, தோளைத் தொட்டு, ஏதோ கேட்டார். ஜனனி இரண்டு கையாலும் மாஸ்க்கைப் பிடித்து இழுத்தாள். காதோரம் கயிறு அறுந்தது. அம்மாவின் உதட்டின் மேல் தன் விரல்களை வைத்துக்கொண்டு, சொல்லு என்பதுபோல் தலையை ஆட்டினாள்.

அக்கா அந்த விரல்களை மெல்ல எடுத்துவிட்டார். பிறகு உள்ளங்கையால் தன் வாயை மறைத்துக்கொண்டு, “ஜனனி” என்றார். இன்னொரு முறை, சத்தமாக, “ஜனனி!” அக்கா கத்தி நான் கேட்டது அதுதான் முதல் முறை. கீழே வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த சார் மேலே ஓடி வந்தார். ஜனனி அந்தக் கையை விலக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சென்னைக்குக் கொண்டுபோய்க் காட்டினார்கள். இரண்டு காதிலும் பாதிக்கு மேல் போய்விட்டது, காய்ச்சலுக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கிறது, மெஷின் வைத்தால் ஓரளவு கேட்கும், ஆனால் பேச்சு பிடிபடுகிற வயசில் வைக்காமல் விட்டுவிட்டீர்கள் என்று டாக்டர் சொன்னாராம்.

மறுநாள் நான் பிரவீனாவோடு போனபோது சார் சாப்பாட்டு மேஜையில் போனை வைத்து அந்த வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தார். தட்டு விழுகிற சத்தம், மதுமிதா அழுகிற சத்தம், அக்காவின் குரல். மறுபடியும் தட்டு.

“பாரு தயா. எல்லாரும் திரும்பறாங்க. நீயே பதறிட்ட, போன் ஆடுது. இவ ஒருத்தி திரும்பல. அதுக்கு நீ என்ன சொல்ற கேளு. குழந்தை அசையலயாம்! நூத்தி நாப்பது பொம்பளைங்க கை தட்டியிருக்காங்க.”

அக்கா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

பிரவீனா எட்டி போனைப் பார்த்துவிட்டு, “அது எங்கம்மா போட்ட தட்டு” என்றாள். “ஜனனிக்குக் காது கேக்குதான்னு பாக்கப் போட்டாங்க. யாருகிட்டயும் சொல்லாதன்னு சொன்னாங்க.”

சார் வீடியோவை நிறுத்தினார்.

“எப்போலேர்ந்து தெரியும்?” என்று அக்கா கேட்டார்.

“அப்பவே... ஒரு நாள் சொன்னேனே கா. பாப்பா திரும்பலயேன்னு.”

“நான் என்ன சொன்னேன்?”

“அவசரப்படக்கூடாதுன்னு.”

“நான் சொன்னா? நான் சொன்னா வாய மூடிக்கினு ஒன்றரை வருஷம் பாத்துக்கினு இருப்பியா? உன் பொண்ணா இருந்தா இருந்திருப்பியா?”

“அவள ஏன் கேக்கற?” என்றார் சார். “பாத்தரம் கழுவறவளுக்குத் தெரிஞ்சிருக்குது. சான்றிதழ் வெச்சிருக்கற டீச்சருக்குத் தெரியல.”

அக்கா என்னைப் பார்த்து, “நீ நாளைலேர்ந்து வராத வள்ளி” என்றார். பிரவீனா தன் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு வரலாமா என்று கேட்டாள். யாரும் ஒன்றும் சொல்லாததால் போய்ச் சுருட்டி வைத்துவிட்டு வந்தாள். அப்படித்தான் அவளுக்கு அங்கே கற்றுக்கொடுத்திருந்தார்கள்.

சார் சொன்னதைச் செய்தார். சித்திரை முடிவதற்குள் நான்கு பேரையும் தனியார் பள்ளி ஒன்றில் சேர்த்தார். கோகுலைப் பரீட்சை வைத்துப் பார்த்து ஒரு வகுப்பு கீழே போட்டார்கள். அவன் அவர்களுடைய வாத்தியாருக்கே தெரியாத கணக்கெல்லாம் போடுவான் என்பது எனக்குத் தெரியும். அதைக் கேட்க யாரும் என்னிடம் வரவில்லை. அலமாரிகளையும் மரக்கட்டைகளையும் ஒரு நர்சரிக்குக் கொடுத்துவிட்டார்கள். மாடி ஹாலில் இப்போது வேர்க்கடலை மூட்டை அடுக்கியிருப்பதாக அந்தத் தெருவில் பூ விற்கிற பொன்னி சொன்னாள்.

ஜனனிக்கு ஏழு வயது முடிந்துவிட்டது. இரண்டு காதிலும் மெஷின் போட்டிருக்கிறாள். வாரத்தில் மூன்று நாள் பள்ளிக்கூடத்தில் அனுமதி வாங்கி, பேச்சுப் பயிற்சிக்காக அக்கா அவளைச் சென்னைக்கு பஸ்ஸில் அழைத்துப்போய்க் கூட்டி வருகிறார். அவள் பேசுவது வீட்டில் இருப்பவர்களுக்குப் புரிகிறது, வெளியாருக்கு இன்னும் புரிவதில்லை. பிரவீனா அரசுப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். வகுப்பிலேயே நன்றாக வாசிப்பவள் அவள்தான். நான் இரண்டு தெரு தள்ளி வேறு ஒரு வீட்டில் வேலை செய்கிறேன். காலையில் பஸ் நிறுத்தத்தில் அக்காவும் நானும் எதிரெதிரே நிற்போம். அவர் பேசுவதில்லை. நானும் பேசுவதில்லை.