பலகை வழியே வந்த குரல்

மரியம் பீவிக்குக் காது போனது பழவேற்காட்டில் எல்லோருக்கும் தெரியும். துபாயில் இருந்த மகன் முகைதீனுக்கு மட்டும் தெரியாது. எண்பத்தொன்றாம் வருஷம் வந்த விஷக்காய்ச்சல் போகும்போது காதையும் கொண்டுபோய்விட்டது. சொன்னால் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்துவிடுவான் என்று யாரையும் வாய் திறக்கவிடவில்லை. அப்படியொரு பிடிவாதக்காரி. கல்யாணமான கையோடு, மருமகள் சுராயாவின் அழுகையைக்கூடப் பார்க்காமல் அவனை விமானம் ஏற்றியவளும் அவள்தான்.

முகைதீன் கடிதம் எழுத மாட்டான், கேசட்டில் பேசி அனுப்புவான். அவன் கொடுத்தனுப்பிய டேப் செட்டின் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளும் மாடி அறையின் மரப்பலகைத் தரையில் இருந்தன. கேசட் ஓடும்போது மரியம் பீவி பெட்டியோரம் உட்கார்ந்து பலகையில் உள்ளங்கையை வைத்துக்கொள்வாள். மகனின் கட்டைக்குரல் பலகையில் இறங்கிக் கை வழியே ஏறும். வார்த்தை புரியாது, சிரித்தால் தெரியும், பெருமூச்சு விட்டால் தெரியும். அவளுக்கு அது போதும். பிறகு மைக்கைப் பிடித்துக் கேசட்டின் ஒரு பக்கம் முழுக்கப் பேசித் தள்ளுவாள். கை வைத்துக் கேட்கும் சங்கதியை அவள் யாரிடமும் சொன்னதில்லை. மாமியார் சும்மா ஓர் ஆசைக்கு உட்காருகிறாள் என்றே சுராயா நினைத்தாள்.

சுராயாவுக்கோ வார்த்தைதான் வேண்டும். பலகையும் சேர்ந்து அதிர்ந்ததில், புருஷன் பானைக்குள் வாய்வைத்துப் பேசுவதுபோல் இருந்தது. பதில் கேசட்டில் குறைப்பட்டுக்கொண்டாள். அவனே வழி சொல்லி அனுப்பினான்: "பெட்டி தரையோட ஒட்டக்கூடாது. பழைய ரப்பர் செருப்ப அறுத்து நாலு மூலைக்கும் குடு." கொடுத்தாள். குரல் பளிச்சென்று கேட்டது.

அடுத்த கேசட் வந்தபோது மரியம் பீவி கை வைத்தாள். பலகை சும்மா கிடந்தது. சுராயா நடந்தால் காலடி கைக்குத் தெரிகிறது, மகனை மட்டும் காணோம். பெட்டிக்கு அடியில் இருந்த செருப்புத் துண்டுகளைப் பார்க்காமல் இல்லை. எலிக்குப் பயந்து தூக்கி வைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள். துரத்திவிட்ட உம்மா மேல் கோபம், பெண்டாட்டியிடம் மட்டும் குசுகுசுக்கிறான் என்று முடிவுகட்டினாள். சுராயா மைக்கை நீட்டியபோது தள்ளிவிட்டாள்.

"பேசாதவன்கிட்ட நான் இன்னாத்த பேசறது? எடுத்துக்கினு போ."

உங்களைத்தான் விசாரிக்கிறார் என்று சுராயா சாடை காட்டினாள். சமாதானத்துக்குச் சொல்கிறாள் என்று மரியம் பீவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதற்கடுத்த கேசட்டுக்கு அவள் மாடிக்கே வரவில்லை.

பிறகு தந்தி வந்தது. கட்டட வேலையில் சாரம் சரிந்து முகைதீன் போய்விட்டான். அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். மாமியாருக்கும் மருமகளுக்கும் முகம் பார்க்கக்கூடக் கொடுத்துவைக்கவில்லை.

துக்கத்துக்கு வந்தவர்கள் உட்கார மாடியிலும் இடம் வேண்டிப் பெட்டிகளை நகர்த்தினார்கள், பிறகு வெறும் பலகையிலேயே திரும்ப வைத்துவிட்டுப் போனார்கள். கூட்டம் கலைந்ததும் சுராயா கடைசிக் கேசட்டைப் போட்டாள். மூலையில் சுருண்டு கிடந்த மரியம் பீவியின் கை திடுக்கிட்டது. தவழ்ந்து வந்து இரண்டு கைகளையும் பலகையில் பரப்பினாள்.

"பேசறான்டி! இன்னா சொல்றான்? இன்னாடி சொல்றான்?"

சுராயாவின் கண் பெட்டியின் அடிக்குப் போனது, செருப்புத் துண்டுகளைக் காணோம். எல்லாம் விளங்கி அவள் ஆடிப்போனாள். மாமியாரின் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, வாயசைவு புரியும்படி ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"உம்மா... ஏன்... எங்கிட்ட... பேசல?"

மரியம் பீவி பலகையில் கன்னத்தை வைத்துக் கவிழ்ந்தாள். "பேசறேன் கண்ணு, இதோ பேசறேன்" என்று தொடங்கினாள். கேசட் ஓடி முடிந்து பலகை அடங்கிய பிறகும் அவள் நிறுத்தவில்லை.