முப்பத்தேழில் வைத்த குடுவை

தொண்ணூறுகளின் நடுவில், அடையாறில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் எனக்குக் கண்ணாடிச் சாமான் கழுவும் வேலை. மந்தைவெளியிலிருந்து பஸ்ஸில் போய் வருவேன். படிப்பு பத்தாவதுதான். கூச்ச சுபாவம். சேர்ந்து இரண்டு வருஷமாகியும் அங்கே யாரிடமும் நானாக ஒரு கேள்வி கேட்டதில்லை.

ஈஸ்ட்டை வைத்து ஆராய்ச்சி செய்த பெண் அபிராமபுரத்திலிருந்து வருவாள். என்னைவிட ரொம்பச் சின்னவள். என்னை அக்கா என்பாள். ஈஸ்ட் தனக்குள் செய்கிற புரதங்களை எப்படிப் பிரித்து, தன் மேல்தோலுக்கு அனுப்புகிறது என்பதுதான் அவள் தேடியது. அதற்காக, அந்த அனுப்பும் வேலையில் பழுதுள்ள ஒரு வகை ஈஸ்ட்டை வெளிநாட்டுக்கு எழுதி, நான்கு மாதம் காத்திருந்து வாங்கியிருந்தாள்.

அது மார்கழி. முந்தின வாரம் அடைமழையில் கரண்ட் போய், ஃப்ரீசரில் இருந்ததெல்லாம் கெட்டுவிட்டது. அவளுக்கு மிஞ்சியது அந்த ஈஸ்ட் படர்ந்திருந்த ஒரே ஒரு சின்ன வட்டத் தட்டு. அதிலிருந்து துளி எடுத்து ஒரு குடுவையிலும், சாதாரண ஈஸ்ட்டை இன்னொன்றிலும் விட்டு, ஏசி அறையில் குலுக்கும் இயந்திரத்தில் வைத்தாள்.

"காலம்பற ரெண்டும் மோர் மாதிரி கலங்கியிருக்கணும் அக்கா. இல்லேன்னா நான் அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினாள்.

நான் கிளம்பும்முன் குடுவைகளைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்றிருந்தன. மார்கழிக் குளிரில் இட்லி மாவு புளிக்காமல் கிடக்கும். பாத்திரத்தைத் துண்டால் சுற்றி அடுப்பு ஓரம் வைப்பேன். பக்கத்து அறையில் பாக்டீரியா வளர்க்கும் இயந்திரம் முப்பத்தேழு டிகிரியில் வெதுவெதுப்பாக ஓடிக்கொண்டிருந்தது. மதியம்வரை அதில் இடமில்லை. அதனால்தான் இங்கே வைத்திருக்கிறாள் என்று நானாக முடிவு செய்தேன். குடுவையில் இருபத்தைந்து என்று எழுதி ஒட்டியிருந்ததைப் பார்த்தும், இரண்டையும் தூக்கி அங்கே மாற்றினேன். நல்ல காரியம் செய்த திருப்தியோடு பஸ் ஏறினேன்.

காலையில் முதல் ஆளாக வந்து பார்த்தேன். ஒரு குடுவை மோர் மாதிரி. பழுதுள்ள ஈஸ்ட் இருந்த மற்றது முந்தின நாள் விட்டதுபோலவே, வெறும் தண்ணீர் மாதிரி தெளிந்து கிடந்தது. யாரும் வருமுன் இரண்டையும் பழைய இடத்திலேயே திருப்பி வைத்துவிட்டேன்.

அவள் வந்து குடுவையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.

"தட்டும் செத்துடுத்து அக்கா. போன வாரம் கரண்ட் போனதுலயே போயிருக்கும். மறுபடி லெட்டர், மறுபடி நாலு மாசம். அதுவரைக்கும் யார் காத்துண்டிருப்பா?" தட்டை என் கையில் கொடுத்தாள். "ஆட்டோகிளேவ்ல போட்டுடுங்கோ."

பெரிய குக்கர் போன்ற அந்தப் பாத்திரத்தில் போட்டால் எந்த உயிரும் மிஞ்சாது. வராந்தாவில் நடந்தபோது வாட்ச்மேன் சிரித்தார். "இன்னாக்கா, பேயடிச்சா மாதிரி கீற? கைல இன்னா, சோத்துத் தட்டா?"

ஆட்டோகிளேவ் மூடியைத் திறந்தேன். தட்டை உள்ளே வைக்க முடியவில்லை. அதே கையோடு திரும்பி வந்தேன்.

"இது சாவலம்மா. நான்தான் குடுவைய முப்பத்தேழுல வெச்சேன்."

"எப்போ?"

"நேத்து சாயங்காலம். குளிருல மாவு புளிக்காதே, அந்த மாதிரின்னு நெனச்சி..."

அவள் முகம் வெளுத்தது. "ராத்திரி பூராவா? அக்கா, அது முப்பத்தேழுல செத்துப்போறதுக்குன்னே இருக்கிற ஜாதி!"

கத்துவாள் என்று நின்றேன். அவள் கத்தவில்லை. குடுவையிலிருந்து ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். என்னையும் பார்க்கச் சொன்னாள். கண்ணாடி மணிகள்போல உருண்டைகள் அசையாமல் கிடந்தன. பிறகு புத்தகத்திலிருந்து ஒரு படம் காட்டினாள்; இதே ஜாதி ஒன்றை மெல்லிசாக நறுக்கி, மிகப் பெரிதாக்கி எடுத்தது. உள்ளே ஜவ்வரிசியைக் கொட்டி அடைத்தது போலிருந்தது.

"மேல்தோலுக்குப் போக வேண்டிய சாமான் அக்கா. எல்லாம் பொட்டலம் கட்டி ரெடி. இருபத்தஞ்சுல ஒழுங்கா போய் ஒட்டிக்கும். முப்பத்தேழுல கடைசி வாசல் மட்டும் சாத்திக்கும்."

"வாசல் சாத்துனா, செய்யறத நிறுத்தாதா?"

"உடனே நிறுத்தாது. செஞ்சுண்டேதான் இருக்கும்."

பட்டினியால் செத்திருந்தால்கூடப் புரிந்திருக்கும். நான் கொடுத்த சூட்டில், உள்ளே அத்தனையும் தயாராகிக் குவிந்திருக்க, ஒன்றுகூட வெளியே போய்ச் சேராமல் ராத்திரி முழுக்கத் திணறியிருக்கிறது. நான் அப்போது வீட்டில் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன்.

அவள் தட்டை வாங்கி, அதில் உயிர் இருக்கிறதா என்று பார்க்க, குச்சியால் தொட்டு, புதிய தட்டில் கோடு இழுத்தாள். மூன்றாம் நாள் அதில் கடுகளவு வெள்ளைப் புள்ளிகள் வந்திருந்தன. அவள் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, பத்திரமாக வைக்கச் சொல்லித் தட்டை என்னிடம் நீட்டினாள்.

வாங்கிக்கொண்டு நின்றேன். "எங்க வெக்கட்டும்மா? எத்தினி டிகிரில?"