முக்கால் டாக்டருக்குப் பயந்து

எங்கள் தெரு ஆஸ்பத்திரியில் டாக்டரின் வேலையில் முக்கால்வாசியை நர்சக்காவிடம் கொடுத்துவிட்டார்கள். பிரஷர், சுகர் பார்ப்பதும், மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் இனி அவள் பொறுப்பு. டாக்டர் எப்போதாவது எட்டிப் பார்ப்பார். அதனால் அவளுக்கு 'முக்கால் டாக்டர்' என்று பெயர் வைத்தோம். மீதிக் கால் பங்கு, வாய்.

அந்த வாய் ஏழு ஊருக்குக் கேட்கும். மாத்திரையை விட்டவனை வரிசை முன்னாலேயே உரித்து உப்புக்கண்டம் போட்டுவிடுவாள். அவள் வந்தபின் பிரஷரே பயந்து இறங்கிவிட்டது என்று சொல்லிச் சிரிப்போம்.

அதில் ஒரு கள்ளத்தனம் இருந்தது. விட்ட மாத்திரைகளை, அவளிடம் போகிற அன்று காலையில் மொத்தமாக முழுங்கிவிட்டுப் போவோம். மாத்திரை அட்டையும் காலி, பிரஷரும் குறைவு. அவளுக்குத் தெரியாது.

அவளுடைய சொந்த அண்ணன் லாரி டிரைவர். வண்டி ஓட்டத்தில் மாத்திரை ஞாபகம் ஏது? அவரும் எங்கள் வழிக்கே வந்தார். ஒருநாள் அவர் பிரஷர் தரையில் கிடந்தது. மருந்து அதிகம் என்று நினைத்துப் பாதியாகக் குறைத்தாள். அண்ணனைப் பார்த்துக் கற்றுக்கொள்ளச் சொல்லி எங்களிடம் பெருமையும் அடித்தாள்.

கொஞ்ச நாளில் லாரியிலிருந்து இறங்கும்போதே அவர் விழுந்தார். பக்கவாதம். வலது பக்கம் போனது, பேச்சும் போனது.

விசாரித்த டாக்டர், அவள் குறைத்தது முறைப்படி சரிதான் என்றார். அவளுக்கு மனசு ஆறவில்லை. அண்ணியிடம் போய்க் கேட்டாள். அண்ணி, புருஷன் வாயோரம் வழிந்ததைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"விட்டதையெல்லாம் உன்கிட்ட வந்த அன்னைக்குக் காலையில சேத்து முழுங்கினாரு. எப்பவும் அப்படித்தான். வியாதிக்குப் பயப்படல, உன் வாய்க்குத்தான் பயந்தாரு."

மறுநாள் வரிசையில் எனக்கு முன்னால் தையல்காரர். நிற்க முடியாமல் சுவரைப் பிடித்திருந்தார். நர்சக்கா அவர் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றாமலே கேட்டாள்.

"மாத்திரை விட்டுப்போச்சாண்ணா? சொல்லிடுங்க. திட்டமாட்டேன்."

குரல் அவளுக்கே கேட்டிருக்காது.

"ஒருவேளைகூட விடலம்மா," என்றார் அவர், நெற்றி வியர்வையைத் துடைத்தபடி.

பட்டையைச் சுற்றினாள். மிகவும் குறைவாகக் காட்டியது. எங்கள் எல்லோரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள். நாங்கள் கூரையைப் பார்த்தோம்.